அம்மா கேட்ட முழுப் பில்

வீதக் கணக்கு, நூற்றுக்கு இத்தனை என்கிற கணக்கு, என்றால் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும். எனக்கு வந்ததில்லை. திருகோணமலையில் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த ஓர் இரும்புக் கடையில் நான் காசாளராக இருந்தேன். கழிவு, வட்டி, வரி என்று நாள் முழுக்க வீதத்தோடுதான் சீவியம். நான் போட்ட கணக்கை யாராவது பிழை என்று சொன்னால் எனக்குச் சுள்ளென்று ஏறும். இப்போதும் ஏறும். இதை முதலே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் கொஞ்சம் நிறையவே சத்தம் போடுகிறேன்.

அப்போது சண்டைக் காலம். நாங்கள் லிங்கநகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம், நானும் அம்மாவும். எனக்கு மூத்தவள் ஒரு அக்கா. அவள் மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தாள். கல்யாணமும் அங்கேயே. அப்பா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களை வளர்த்தது ஒரு ஹோட்டல்.

ஹோட்டல் என்றால் எங்கள் ஊரில் தேத்தண்ணிக் கடைக்கும் அதே பெயர்தான். நான் சொல்வது அந்த ஹோட்டல் இல்லை. வெள்ளைத் துணி விரித்த மேசையும், விரிகுடாவைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னலும், வாசலில் தொப்பி போட்ட காவலாளியும் இருந்த ஹோட்டல். அம்மா அங்கே பின்பக்கச் சமையல் குசினியில் சாப்பாட்டுக் கோப்பை கழுவினார். நாங்கள் இரண்டு பேரும் படித்து முடிக்கும்வரை கழுவினார். சோடாத் தூளில் அவருடைய விரல் நுனிகள் வெடித்திருக்கும். இரவில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு கையை மேலே தூக்கியபடி படுப்பார், பாயில் எண்ணெய் படாமல். பிறகு சண்டை பெருத்தது. வெள்ளைக்காரர் வருவது நின்றது. ஆட்களைக் குறைத்தார்கள். முதலில் கை வைத்தது குசினியில்தான்.

வேலை போனதைப் பற்றி அம்மா பெரிதாகக் கவலைப்படவில்லை. அதற்குள் நான் உழைக்கத் தொடங்கிவிட்டேன். அவருடைய மனத்தில் கிடந்து அரித்தது வேறு விஷயம். ஒருநாள் சாப்பாட்டு மண்டபத்தில் ஏதோ கண்ணாடி விழுந்து உடைந்த சத்தம் கேட்டு, கூட்டி அள்ளலாம் என்று தும்புத்தடியோடு ஓடியிருக்கிறார். அப்போதிருந்த மனேச்சர் விருந்தாளிகளுக்கு முன்னாலேயே, "குசினி ஆக்கள் இஞ்ச வரப்படாது" என்று விரலை நீட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மனேச்சர் எப்போதோ கொழும்புக்கு மாறிப் போய்விட்டார். அம்மா அதை விடவில்லை.

ஒரு பின்னேரம் சூடை மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது தலை நிமிராமல் சொன்னார்:

"பிள்ளை, எனக்கு ஒருக்கா அங்க போய்ச் சாப்பிட வேணும்."

"எங்கயம்மா?"

"ஹோட்டலில. அந்தச் சன்னலடி மேசையில இருந்து."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சும்மா கதைக்கேல்லை நான். ஆரும் பாவம் பாத்துத் தாற சாப்பாடு எனக்கு வேண்டாம். வெளியாள் வந்தா என்ன குடுக்குமோ அதை முழுக்கக் குடுக்க வேணும். சேவைக் காசு, வரி, டிப்ஸ், எல்லாம். ஒரு சதம் குறையப்படாது. அப்பதான் நான் அங்க சாப்பிட்டதெண்டு கணக்கு."

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. செய்கிறது என்றால் அவர் சொன்னபடிதான் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் செய்யாமல் விடலாம்.

காசுக்கு நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஐந்நூறு போடுவது என்று முடிவு. அக்காவும் நானும் முழுவதையும் போடுகிறோம் என்றோம். அம்மா கேட்கவில்லை. கோழி முட்டை விற்ற காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தன் பங்கைக் கொண்டுவந்து வைத்தார். ஆயிரத்தைந்நூறு ரூபா. அதற்கு மேல் எங்களிடம் ஒன்றுமில்லை. கடன் வாங்கிச் சாப்பிட அம்மா சம்மதிக்கவும் மாட்டார்.

விலையைப் பார்க்க நானே போனேன். கடையிலிருந்து ஹோட்டலுக்குத் தண்ணீர்க் குழாய்ச் சாமான் கொடுத்த கணக்குக்குக் காசு வாங்கும் சாட்டில். வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சாப்பாட்டு விலை எல்லாம் போட்டிருந்தது. சோறும் கறியும் நூற்றெண்பது. டெவல் இறால், உறைப்பாய்ப் பிரட்டியது, இருநூற்றுத் தொண்ணூறு. தேசிக்காய்த் தண்ணீர் நாற்பத்தைந்து. கரமல் புடிங்கும் நாற்பத்தைந்து. எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், இந்த விலைகளோடு பத்து வீதம் சேவைக் கட்டணமும், பிறகு பன்னிரண்டரை வீதம் அரசாங்க வரியும் சேரும் என்று இருந்தது. அந்தக் குட்டி எழுத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வாடா மகனே, உன்னை மாதிரி ஆட்களோடுதானே எனக்கு வேலை.

குறித்த நாளுக்கு முதல் நாள் அக்கா மூதூரிலிருந்து லாஞ்சுப் படகில் வந்து இறங்கினாள். அன்றிரவு சாப்பிட்டுவிட்டு நிலத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சண்டை தொடங்கியது.

அக்காவின் கணக்கு இதுதான். சேவை பத்து, வரி பன்னிரண்டரை, டிப்ஸ் பத்து. கூட்டினால் முப்பத்திரண்டரை. "ஆயிரத்தைஞ்ஞூறில முப்பத்திரண்டரை வீதம் நானூற்றி எண்பத்தேழு ரூபா அம்பது சதம். அதைக் கழிச்சுப் போட்டா ஆயிரத்துப் பன்ரண்டரை ரூபா. இதுக்குள்ளதான் சாப்பிடலாம்." சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். ஏதோ சோதனைத் தாளைத் திருத்திக் கொடுத்துவிட்ட மாதிரி.

மூன்று பேருக்குச் சோறு ஐந்நூற்று நாற்பது. அம்மாவுக்கு ஆசையான இறால் ஒன்று, இருநூற்றுத் தொண்ணூறு. தேசிக்காய்த் தண்ணீர் மூன்று, நூற்று முப்பத்தைந்து. ஆகத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து. அக்காவின் கணக்குப்படி அதற்கு மேல் ஒரே ஒரு புடிங்தான் வாங்கலாம்.

"ஒரு புடிங்கை மூண்டு கரண்டியால குத்தித் தின்னுறதோ?" என்றேன். "அந்தச் சன்னலடியில இருந்து? ஊர் சிரிக்கும்."

"கணக்கு அப்பிடித்தான் வருது. நான் என்ன செய்யிறது?"

"உன்ர கணக்குப் பிழை."

"என்னடி பிழை? கூட்டிப் பார்."

"கூட்டினது பிழை, கழிச்சதும் பிழை. நீ தமிழோட நில் அக்கா, கணக்குப் பக்கம் வராதை, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா, "ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ, பக்கத்து வீட்டில ஆக்கள் படுத்திருக்கினம்" என்றார். நான் குரலைத் தாழ்த்தினேன். ஆனால் விடவில்லை.

"இஞ்ச பார். ஹோட்டல்காரன் வீதம் போடுறது உன்ர கையில கிடக்கிற ஆயிரத்தைஞ்ஞூறுக்கில்லை, சாப்பாட்டு விலைக்கு. எங்கட காசில அவன் கழிக்கேல்லை, அவன்ர விலையோட கூட்டுறான். அதால நூறு ரூபாச் சாப்பாட்டில தொடங்கு. சேவை பத்து, நூற்றிப்பத்து. வரி ஆருக்கு? நூறுக்கில்லை, நூற்றிப்பத்துக்கு. பன்னிரண்டரை வீதமெண்டா எட்டில ஒண்டு. நூற்றிப்பத்தை எட்டால பிரி. பதின்மூண்டு எழுபத்தைஞ்சு. ஆக நூற்றி இருபத்து மூண்டு எழுபத்தைஞ்சு. அதுதான் பில். அதில பத்தில ஒண்டு டிப்ஸ், பன்ரண்டு ரூபாயும் முப்பத்தேழு சதமும் எண்டு வை. எல்லாமாய் நூற்றி முப்பத்தாறு ரூபா பன்ரண்டு சதம். நூறு ரூபாச் சாப்பாடு எங்கட கையால போகேக்க நூற்றி முப்பத்தாறு. சரியோ?"

"சரி."

"அப்ப ஆயிரத்தைஞ்ஞூறுக்குள்ள இப்பிடி எத்தினை நூற்றி முப்பத்தாறு கிடக்கு?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். படிப்பிக்கிறவள்தானே, பிடித்துக்கொண்டால் விடமாட்டாள். "பதினொண்டு போகும். ஆயிரத்து நானூற்றித் தொண்ணூற்றேழு."

"பதினொரு நூறு. ஆயிரத்து நூறு ரூபாவுக்குச் சாப்பிடலாம். இனி மூண்டு புடிங்கையும் கூட்டிப் பார்."

தொள்ளாயிரத்து அறுபத்தைந்தோடு நூற்று முப்பத்தைந்து. ஆயிரத்து நூறு. சொல்லி வைத்த மாதிரி, ஒரு ரூபா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அக்கா என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். "எடியே!" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு ஏதோ பரிசு கிடைத்த மாதிரி இருந்தது. அம்மாவுக்கு நாங்கள் பேசியது பாதி விளங்கவில்லை. "ஆளுக்கொரு புடிங் வருதோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றேன். "அப்ப காணும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

அடுத்த நாள் மத்தியானம் போனோம். அம்மா அக்காவின் கல்யாணத்துக்குக் கட்டிய சேலையைக் கட்டியிருந்தார். வழியில் சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டை காட்டி, பையைத் திறந்து காட்டி, நடந்து, மறுபடி பஸ் ஏறினோம். அக்காவின் கைப்பையைக் கிளறிய பெண் பொலிஸ், ஆயிரத்தைந்நூறு ரூபாவை எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அக்கா பின்னேரக் கடைசி லாஞ்சைப் பிடித்தாக வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த நாள்தான். ஆகவே பிந்தவும் கூடாது.

ஹோட்டல் வாசல் காவலாளி அம்மாவைக் கண்டதும் சிரித்தார். "என்னக்கா, கன காலம்! பின் கேற் திறந்துதான் கிடக்கு, அதால போங்கோ."

"இண்டைக்கு முன்னால போறன் தம்பி" என்றார் அம்மா. நின்று கதைக்காமல் நடந்தார்.

உள்ளே பெரிய வெயிட்டர் வந்தார். அம்மாவோடு ஒரே காலத்தில் வேலை செய்தவர். அவர் மண்டபத்தில், அம்மா குசினியில். தலை நரைத்துவிட்டது, வெள்ளைச் சட்டை மட்டும் அப்படியே மடிப்புக் குலையாமல். "அக்கா! மனேச்சரைப் பாக்க வந்தனீங்களோ?"

"இல்லைத் தம்பி. சாப்பிட வந்தனாங்கள்."

அந்த மனிதர் ஒரு நொடி விழித்தார். பிறகு முகம் மலர்ந்து, வாங்கோ வாங்கோ என்று கூட்டிக்கொண்டு போனார். எங்கே? குசினிக் கதவுக்குப் பக்கத்திலிருந்த மேசைக்கு. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நம்முடைய ஆள், குசினிக்குக் கிட்ட வைத்தால் நாலு கறி கூடப் போடலாம் என்று நினைத்திருப்பார். அம்மாவும் அந்தக் கதிரையில் கை வைத்துவிட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அண்ணை, சன்னலடி மேசை வெறுமனே கிடக்குத்தானே?"

மண்டபத்தில் இரண்டே மேசைகளில்தான் ஆட்கள். ஒன்றில் நிவாரண வேலைக்கு வந்த இரண்டு வெள்ளைக்காரர். மற்றதில் கட்டட வேலை எடுத்துக் கொழும்பிலிருந்து வந்த கொந்தராத்துக்காரர் நாலு பேர். மிச்சமெல்லாம் வெள்ளைத் துணியும் வெறுங் கதிரையும். பெரிய வெயிட்டர் சன்னலடிக்குத் திரும்பி நடந்தார். அம்மாவுக்குக் கதிரையை இழுத்துக் கொடுத்தார். அம்மா உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். அத்தனை வருஷம் அந்த ஹோட்டலில் வேலை செய்தும் அங்கேயிருந்து கடல் தெரிவதை அவர் பார்த்ததில்லை. குசினிச் சன்னலில் தெரிந்தது விறகுக் கொட்டில்.

நான் இன்னும் மூச்சு விடவில்லை, அதற்குள் ஓர் இளம் வெயிட்டர் போத்தல் தண்ணீர் ஒன்றைக் கொண்டுவந்து மூடியில் கை வைத்தார். கேட்காமலே.

"திறக்காதேங்கோ!"

நான் போட்ட சத்தத்தில் கொந்தராத்துக்காரர் நாலு பேரும் திரும்பினார்கள். அந்தப் போத்தல் எங்கள் ஆயிரத்து நூறுக்குள் இல்லை. திறந்தால் புடிங் போகும். ஒன்றில்லை, இரண்டு போகும். நான் மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். "குழாய்த் தண்ணி காணும் எங்களுக்கு" என்றேன், கொஞ்சம் மரியாதையாக. அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். மிதிக்கட்டும். போத்தல் மூடியோடு திரும்பிப் போனது.

சாப்பாடு சொல்லும்போதுதான் அம்மா தன் வேலையைக் காட்டத் தொடங்கினார். "சோத்தை ஒரு பெரிய கோப்பையில கொண்டு வாங்கோ தம்பி. கறியளையும் தனித்தனியாப் போட வேண்டாம், ரெண்டு மூண்டை ஒண்டா வையுங்கோ. கை கழுவுற கிண்ணமும் வேண்டாம், நாங்கள் குழாயடிக்குப் போறம்."

"ஏனம்மா?"

"உதெல்லாம் ஆர் கழுவுறது? அந்தப் பிள்ளைக்குக் கரைச்சல்."

"அம்மா! நாங்கள் விருந்தாளியள்!" என்று பல்லைக் கடித்தேன். "தம்பி, எல்லாரும் சாப்பிடுற மாதிரித்தான் எங்களுக்கும். ஒரு கிண்ணமும் குறைக்க வேண்டாம்." அம்மா என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். அந்த விஷயத்தில் நான் வென்றேன். மேசை முழுக்கக் கிண்ணங்கள் வந்து நிறைந்தன.

பாதிச் சாப்பாட்டில் துறைமுகத்துக்குள் வெடிச் சத்தம் கேட்டது. கடலுக்கடியில் யாரும் நீந்தி வந்துவிடக் கூடாது என்று நேவி தண்ணீருக்குள் போடும் வெடி. சன்னல் கண்ணாடி அதிர்ந்து, கரண்டிகள் கிண்ணத்தில் கிணுகிணுத்தன. வெள்ளைக்காரரில் ஒருவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அம்மா இறாலின் வாலைப் பிடித்துக் கோதைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை ஆடவில்லை. கோதைக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார், இறாலை வாயில் போட்டார், கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

மற்றவர்கள் தின்ற இறாலின் கோதை எத்தனை வருஷம் அவர் கோப்பைகளிலிருந்து வழித்துக் கொட்டியிருப்பார். இப்போது அவருடைய கோப்பையில் அவருடைய கோது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்ல எனக்கு வெட்கமில்லை. அக்காவைப் பார்த்தேன், அவள் ஏற்கெனவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு உறைப்பின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அம்மாவின் கை தானாகவே போய்க் கோப்பைகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியது. மீதியை மேல் கோப்பையில் வழித்து, கரண்டிகளை ஒரு பக்கமாகச் சேர்த்து, கதிரையிலிருந்து அரைவாசி எழும்பியும் விட்டார். கொண்டுபோய்க் குசினியில் வைக்கத்தான்.

"இருங்கோ அம்மா!" என்று நானும் அக்காவும் ஒன்றாகச் சொன்னோம். அம்மா திடுக்கிட்டு இருந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிரித்து ஓயும்போது மூன்று புடிங் வந்தது. ஆளுக்கொன்று. யாரும் யாருக்கும் பங்கு கொடுக்கவில்லை.

அதன்பிறகு பில் வந்தது.

சின்னத் தோல் மட்டைக்குள் மடித்து வைத்துப் பெரிய வெயிட்டரே கொண்டுவந்தார். நான் திறந்தேன். கையால் எழுதிய பில். சாப்பாடு ஆயிரத்து நூறு. அதற்குக் கீழே சேவைக் கட்டணம் என்ற இடத்தில் எண் இல்லை, ஒரு கோடுதான் கிடந்தது. வரி நூற்று முப்பத்தேழு ஐம்பது. மொத்தம் ஆயிரத்து இருநூற்று முப்பத்தேழு ரூபா ஐம்பது சதம். நூற்று இருபத்து மூன்று ரூபா எழுபத்தைந்து சதம் குறைவு. நான் காசாளர் அல்லவா, முதலில் எனக்குச் சந்தோஷம்தான் பொங்கியது. அக்காவின் ஒரு மாத லாஞ்சுக் காசு அதில் வரும்.

"எவ்வளவு பிள்ளை?" என்றார் அம்மா.

சொன்னேன்.

"நீ சொன்ன கணக்கு வேறயெல்லோ?"

"சேவைக் காசு போடேல்லை அம்மா."

பெரிய வெயிட்டர் குனிந்து, மற்ற மேசைகளுக்குக் கேட்காமல் சொன்னார்: "அக்காட்ட நாங்கள் சேவைக் காசு வாங்கிறதோ? நீங்கள் எங்கட ஆள். அது எங்கட சந்தோசம்."

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. முகத்தில் அன்பு அப்படியே இருந்தது. அதுதான் கஷ்டம். கோபப்படவும் முடியாது. நான் அம்மாவைப் பார்த்தேன். மறுத்தால் அந்த மனிதர் நொந்துபோவார். ஏற்றுக்கொண்டால் அம்மா இங்கே சாப்பிட்டது சாப்பிட்டதே இல்லை, மறுபடி யாரோ பாவம் பார்த்துத் தந்ததாகிவிடும். மூன்று பேரின் ஆயிரத்தைந்நூறும் வீண். எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் இது என்னுடைய சண்டை இல்லை என்று அப்போது விளங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் பேசாமல் இருந்தேன்.

அம்மா தண்ணீர் ஒரு மிடறு குடித்துவிட்டு, கிளாசைக் கீழே வைத்தார்.

"தம்பி, சேவைக் காசு மாசக் கடைசியில எல்லாருக்கும் பங்கு பிரிக்கிற காசெல்லோ?"

"ஓமக்கா."

"அதில உங்கட பங்கை நீங்கள் எனக்காக விடுறீங்கள். அது உங்கட நல்ல மனசு. குசினியில இப்ப ஆர் கழுவுறது?"

"ஒரு பிள்ளை. நிலாவெளியில இருந்து இடம்பெயர்ந்து வந்தது."

"அவளின்ர பங்கும் இதுக்குள்ள கிடக்குத்தானே. அவள் விட்டவளோ? அவளைக் கேட்டனீங்களோ?"

பெரிய வெயிட்டர் குசினிக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் உள்ளுக்க நிண்டு கழுவேக்கையும், தெரிஞ்ச ஆக்கள் வந்தா இப்பிடித்தான் கோடு போட்டனீங்களோ? அப்ப என்ர பங்கும் அதோட போயிருக்குமே தம்பி. எனக்கு ஆரும் சொல்லேல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு என்ன விலை என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். அந்த மனிதரின் காது இரண்டும் சிவந்துவிட்டன. கொந்தராத்துக்காரர் மேசையில் சாப்பிடும் சத்தம் நின்றிருந்தது. பெரிய வெயிட்டர் மெல்லக் கையை நீட்டி, மட்டையை எடுத்துக்கொண்டார்.

"நீங்கள் சொல்லுறது சரியக்கா. நான் வேற பில் எழுதிக் கொண்டு வாறன்."

அவர் போன பிறகு அக்கா என் கையைப் பிடித்தாள். அம்மா மட்டும் சன்னலுக்கு வெளியே படகொன்று திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பில் வந்தது. சாப்பாடு ஆயிரத்து நூறு. சேவைக் கட்டணம் நூற்றுப் பத்து. வரி நூற்று ஐம்பத்தொரு ரூபா இருபத்தைந்து சதம். மொத்தம் ஆயிரத்து முந்நூற்று அறுபத்தொரு ரூபா இருபத்தைந்து சதம். லிங்கநகரில் நிலத்தில் உட்கார்ந்து நான் போட்ட அதே எண், சதம் பிசகாமல்! எழும்பி நின்று கத்த வேண்டும் போல் இருந்தது. அக்காவின் முகத்துக்கு நேரே பில்லைப் பிடித்துக் காட்டினேன். "தெரியுமடி, தெரியுமடி, கொஞ்சம் அடங்கு" என்றாள், சிரித்துக்கொண்டு.

அம்மா காசைத் தானே எண்ணி மட்டைக்குள் வைத்தார். ஆயிரத்து நானூறு. மிச்சக் காசை ஒரு சின்னப் பீரிசுத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள், முப்பத்தெட்டு ரூபா எழுபத்தைந்து சதம். அம்மா கையில் மீந்திருந்த நூறு ரூபாத் தாளையும் அதே பீரிசில் வைத்து, சில்லறையைத் தாளின் மேல் பாரமாக அடுக்கினார். பத்து வீதத்துக்கும் மேலே இரண்டு ரூபா அறுபத்திரண்டு சதம். பஸ் காசு என் சட்டைப்பையில் தனியாக இருந்தது. மற்றப்படி நாங்கள் மூன்று பேரும் அப்போது சுத்த வெறுங்கை. அப்படி ஒரு பணக்காரத்தனத்தை நான் அதற்குப் பிறகு உணர்ந்ததில்லை.

"இது உங்களுக்குத் தம்பி. நல்ல வடிவாப் பரிமாறினீங்கள்."

பெரிய வெயிட்டர் பீரிசைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அங்கே எத்தனையோ துரைமார், எத்தனையோ அதிகாரிகள் அவருக்கு டிப்ஸ் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு எப்படிக் குனிவாரோ அப்படிக் கொஞ்சமாக, அளவாகக் குனிந்தார்.

"தேங்க் யூ, மேடம்."

அவரே முன்னால் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்தார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தார். வாசற்படியில் கால் வைத்தவர், நின்று திரும்பினார்.

"தம்பி, சோறு நல்லாக் குழைஞ்சு போச்சு. இறாலுக்கும் உப்புக் காணாது. சமையல்காரரிட்டச் சொல்லுங்கோ."

"ஓம் மேடம். கட்டாயம் சொல்லுறன்."

படியிறங்கி வெயிலுக்குள் வந்த பிறகு அக்கா கேட்டாள்: "ஏனம்மா, அதைச் சாப்பிடேக்கையே சொல்லியிருக்கலாம்தானே?"

"எப்பிடிச் சொல்லுறது?" என்றார் அம்மா. "அப்ப நான் இன்னும் காசு குடுக்கேல்லையே."